கல்லூரி ரயிலேறும் முன்னே... பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியவை

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும் தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, நம் பக்கத்து வீடுகளின் நிலவரம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது 'எஸ்டேட்'டில், கம்பெனி ஷிஃப்ட், இன்னொருவருக்குக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, பெரியவர்கள் வீடு திரும்பும்வரை தனியாக இருக்கிறது. என்ன சாப்பிடுவது, டியூஷனுக்கு எந்த வழியில் போவது, ஃபோனில் எதைத் திறப்பது, வாசலில் வந்து கூப்பிடுகிற நண்பனுடன் போவதா வேண்டாமா என்று அந்த நேரத்தில் வரிசையாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. "அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன்" என்று நாம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு முடிவெடுக்கப் பழக்க வேண்டும் என்பதைச் சற்று அவசரமாகவே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சென்ட்ரல்–அரக்கோணம் மின்சார ரயில் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற ரயில். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையன்கள் ஏறுகிறார்கள். எந்த ரூட்டுக்கு யார் 'ரூட்டு தல', அதாவது அந்த வழியில் போகிற மாணவர்களுக்குத் தலைவன், என்ற போட்டி இந்தத் தடத்திலும் சென்னை பஸ்களிலும் பல வருடமாக ஓடுகிறது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், பஸ்ஸில் வந்த சக மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியோடு துரத்திய காட்சி ஊரெல்லாம் பரவியது. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரலில் தாக்கப்பட்டு, சில நாள் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். திருத்தணி பக்கத்திலிருந்து இதே ரயிலில் படிக்க வந்தவர். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். ஒரு வீடு பிள்ளையைப் பறிகொடுத்தது. வேறு சில வீடுகள் ஜெயில் வாசலில் நின்றன.

இரண்டும் பெருமை வாய்ந்த கல்லூரிகள். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்குகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உருவாக்குகிற இடங்கள். அதனால் கல்லூரியைக் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. பதினேழு வயதில் ஒருவன் அந்தக் கூட்டத்தோடு ஓடுகிறான் என்றால், "நான் வரலடா" என்று சொல்லும் பழக்கம் அதற்கு முன் அவனுக்கு எங்கே கிடைத்திருக்க வேண்டும்? பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நம் வீட்டில்தான். பிள்ளை தனியாக ரயிலேற நமக்கு நாலைந்து வருடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டிருக்கிறது. முடிவெடுப்பது அதில் ஒன்று. பிரச்சினையைத் தீர்ப்பதும், மற்றவரோடு ஒத்துப் பழகுவதும், கோபம் போன்ற உணர்ச்சிகளைச் சமாளிப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. சைக்கிள் மாதிரி, ஓட்டி ஓட்டித்தான் இவை வரும்.

முடிவை நிஜமாகவே கையில் கொடுங்கள்

"உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொன்னதும் "அது வேண்டாம், இதை எடுத்துக்கோ" என்று நாமே மாற்றுவது முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்பதாகாது. அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். தன் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று பிள்ளைக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். அப்புறம் எதைக் கேட்டாலும் "ஏதாச்சும் பண்ணும்மா" என்றுதான் பதில் வரும்.

வீட்டு விஷயங்களை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மட்டுமே முடிவு செய்வது, உட்கார்ந்து பேசி இருவரும் முடிவு செய்வது, நீங்கள் மட்டுமே முடிவு செய்வது. முடிவெட்டும் ஸ்டைல், கைச்செலவுப் பணம், எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் முதல் வகை. டியூஷன், விளையாட்டு, ஃபோன் நேரம் இரண்டாவது. வண்டி, இரவு வெளியே தங்குவது, முகம் தெரியாதவரை ஆன்லைனில் பழகி நேரில் சந்திப்பது போன்றவை மூன்றாவது. எது எந்த வகை என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "இதுல உன் இஷ்டம். அதுல என் முடிவுதான், கத்தினாலும் மாறாது." எல்லை தெரிந்தால் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றாவது வகையிலிருந்து ஒன்றை இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து ஒன்றை முதலாவதுக்கும் மாற்றுங்கள். தான் வளர்வதைப் பிள்ளை அதில் உணரும்.

தீபாவளி துணி இதற்கு நல்ல வாய்ப்பு. பட்ஜெட் 2,000 ரூபாய் என்றால் பணத்தைக் கையில் கொடுத்து, செருப்பு உட்பட எல்லாம் அதற்குள் என்று சொல்லிவிட்டுப் பாடியில் இருக்கிற பெரிய கடைக்குக் கூட்டிப் போங்கள். பணம் முழுவதையும் ஒரே ஜீன்ஸில் போட்டுவிட்டு, சட்டைக்குக் காசில்லாமல் நிற்கட்டும். அப்போது உங்கள் கை பர்ஸுக்குள் போகக் கூடாது. பழைய சட்டையோடு ஒரு தீபாவளி கழிந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அதைவிட முக்கியம், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அந்த ஒரு வாக்கியம், தப்பிலிருந்து கற்றுக்கொள்ள இருந்த பிள்ளையை உங்களோடு சண்டை போட வைத்துவிடும். "அடுத்த தடவை எப்படிப் பிரிப்பே?" என்று மட்டும், அதுவும் இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் 'மகிழ் முற்றம்' பற்றி விசாரியுங்கள். 2024இல் வந்த திட்டம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் பிள்ளை எந்தக் குழு, தலைவர் யார், ஒத்து வராதபோது என்ன செய்தார்கள் என்று சோறு பரிமாறும்போது கேட்டுப் பாருங்கள். மார்க்கைத் தவிர நாம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எதையுமே கேட்பதில்லை.

திரும்பி வர முடியுமா?

முடிவெடுக்க ஏழு படி, எட்டுப் படி என்று புத்தகங்கள் சொல்லும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு கேள்வியை மனப்பாடமாக்கினால் போதும் என்பது என் எண்ணம்: "இது தப்பாப் போனா திரும்பி வர முடியுமா?"

தலையில் கோடு போட்டு வெட்டிக்கொண்டால் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். ஸ்கூல் டீமில் சேர்ந்து பிடிக்கவில்லை என்றால் விலகிவிடலாம். இப்படித் திரும்பி வர முடிகிற முடிவுகளில் பிள்ளைகளைத் தாராளமாக விடுங்கள். அவர்கள் எவ்வளவு தப்பு செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. திரும்ப முடியாதவை வேறு. அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் காதில் இயர்ஃபோனோடு தண்டவாளத்தைத் தாண்டுகிற பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேம்பாலம் ஏறினால் சில நிமிடம் கூடுதல். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதற்கு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டத்தைவிட ரயில் வேகமானது என்பதைப் பிள்ளைக்கு ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நிற்கவைத்தே காட்டுங்கள். நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று தொலைவில் தெரிந்ததும் எண்ணச் சொல்லுங்கள். எத்தனை எண்ணுவதற்குள் அது முன்னால் வந்துவிடுகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

இன்னொன்று ஸ்கூட்டி. ஆவடி, பட்டாபிராம் தெருக்களில் யூனிஃபார்மோடு மூன்று பேர் போகிற வண்டியைப் பார்க்காத நாள் இல்லை. பல வீட்டில் சாவியைக் கொடுப்பதே நாம்தான், "பக்கத்துலதானே, பால் வாங்கிட்டு வந்துடு" என்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். "டெலிவரி வேலைக்குப் போகணும்னாக்கூட உனக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் வராது" என்றால் அவனுக்கே புரியும்.

நண்பர்கள் பார்க்கும்போது வேறு பிள்ளை

"தனியா இருந்தா தங்கமான பையன், பசங்களோட சேர்ந்தா மட்டும் ஏன் இப்படி?" எல்லாத் தெருவிலும் அம்மாக்கள் கேட்கிற கேள்வி. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்கும் கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்ததும் எவ்வளவு தூரம் வண்டியை விடுகிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் நண்பர்கள் பக்கத்தில் இருக்க விளையாடினார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் இருந்தபோது எடுத்த ஆபத்து, தனியாக இருந்தபோது எடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கோ ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமில்லை. உங்கள் பிள்ளைக்குப் புத்தி இல்லாமல் இல்லை. 'கெத்து' காட்ட ஆள் பார்க்கும்போது அந்தப் புத்தி பின்னால் போய்விடுகிறது. அந்த வயதின் இயல்பு அது.

ஆகவே அறிவுரையை வீட்டில் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. கூட்டத்தின் நடுவே நிற்கும்போது கை கொடுக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். "எங்கம்மா ஃபோன்ல லொகேஷன் பாத்துட்டே இருப்பாங்க மச்சி, கொன்னுடுவாங்க" என்று சொல்லித் தப்பிக்கட்டும். நண்பர்கள் முன்னால் அம்மா கண்டிப்பானவள் என்று பேர் வந்தால் வரட்டும். பிள்ளையின் கெத்தும் குறையாது, ஆபத்திலிருந்தும் விலகிவிடும். இந்த வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. வாய்க்குப் பழகாத வார்த்தை நெருக்கடியில் வராது.

இரண்டு, ஒரு ரகசிய மெசேஜ் வைத்துக்கொள்ளுங்கள். "வீட்ல தண்ணி வந்துச்சா?" என்று பிள்ளையிடமிருந்து வந்தால், அடுத்த நிமிடம் நீங்கள் ஃபோன் போட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கும்படி "உடனே கிளம்பி வா, சித்தி வந்திருக்காங்க" என்று கத்த வேண்டும். வந்த பிறகு உடனே விசாரணை கூடாது. சாப்பாடு போடுங்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் தோண்டினால், அடுத்த தடவை அந்த மெசேஜ் வராது. மறுநாள் தானாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டாலும், ஆபத்தான இடத்திலிருந்து வெளியே வரத் தெரிந்தது என்று மெச்சுங்கள்.

பிளஸ் ஒன் குரூப்

இந்த வயதில் வருகிற பெரிய முடிவு இது. ஆனால் பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் அவசரமாக எடுக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி. ஒன்பதாவதிலேயே பேச்சைத் தொடங்குங்கள். எந்தக் கதவு எதனால் மூடும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கணிதம் இல்லாத அறிவியல் குரூப் எடுத்தால் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குப் போக முடியாது. உயிரியல் படிக்காமல் நீட் எழுத முடியாது. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் மூன்று வருடம் படித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது, ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கூட்டிப் போய் வாசலில் நிற்கிற மாணவர்களிடம் பிள்ளையே பேசட்டும். காமர்ஸ் படித்துவிட்டு வேலைக்குப் போகும் உங்கள் தெரு அக்கா ஒருத்தியையும் தேடிப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள். தகவல் சேகரிப்பது பிள்ளையின் வேலை. நீங்கள் கூட நடந்தால் போதும்.

சண்டைக்கு நாட்டாமை ஆகாதீர்கள்

இனி சண்டை. சார்ஜர், ஃபேன், ஜன்னலோரம், பாத்ரூம், டிவி ரிமோட். நம் வீடுகளில் இடம் சிறியது, ஆகவே உரசல் அதிகம். "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் நமக்கு வழக்கம். அந்தக் கேள்வியால் எந்தச் சண்டையும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. இருவரும் நீதிபதியிடம் வாதாடக் கற்றுக்கொள்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசக் கற்றுக்கொள்வதில்லை.

அடிதடி இருந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள். இருவரும் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, தனித்தனியே உட்காரட்டும். மொட்டை மாடி இருந்தால் ஒருவரை அங்கே அனுப்புங்கள். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எந்த நல்ல வார்த்தையும் உள்ளே போகாது. ஆறிய பிறகு எதிரெதிரே உட்காரவைத்து, ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: உன் நியாயத்தைச் சொல்வதற்கு முன் அவள் என்ன சொன்னாள் என்று நீ சொல்ல வேண்டும், அவள் "ஆமா, அதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை. முதல் சில முறை எரிச்சலோடு செய்வார்கள். "அவளுக்கு எப்பப் பாத்தாலும் அவளேதான்" என்பார்கள். "அது உன் கருத்து. அவ சொன்னதைச் சொல்லு" என்று திருப்புங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. மற்றவர் சொன்னதைத் தன் வாயால் சொல்லும்போது பாதிக் கோபம் தானாக இறங்கும்.

அடுத்தது, கேட்பது வேறு, தேவைப்படுவது வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவது. மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920களில் தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இவருக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆளில்லாத அறையின் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அவருக்குத் தேவை காற்று. இவருக்குத் தேவை, வாடைக்காற்று நேராகத் தன்மேல் படாமல் இருப்பது. இரண்டுமே கிடைத்தன. நம் வீட்டில் ஃபேன் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், ஒருவனுக்கு நிறுத்த வேண்டும். "எதுக்கு வேணும்?" என்று கேட்டால் அவளுக்குக் கொசு, அவனுக்கு நோட்டுப் பக்கம் பறக்கிறது. கொசு மருந்தோ ஒரு பேப்பர் வெயிட்டோ போதும். "மூணுல வச்சிக்கோங்க" என்று நாம் பாதிப் பாதி பிரித்திருந்தால் கொசுவும் கடித்திருக்கும், பக்கமும் பறந்திருக்கும்.

தெரு கிரிக்கெட்டைக் கெடுக்காதீர்கள் என்றும் ஒரு வார்த்தை. ஒன் பிட்ச் அவுட், கேட்டுக்குள் போனால் அவுட், சந்தேகம் வந்தால் அந்தப் பந்து திரும்ப. இந்த விதிகளை எல்லாம் பெரியவர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் சண்டை போட்டு, காய் விட்டு, பழம் விட்டு அவர்களே வகுத்தவை. இப்போது வசதியுள்ள பிள்ளைகள் அகாடமிக்குப் போகிறார்கள். அங்கே ஆட்டம் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அம்பயர் சொல்வதுதான் முடிவு. வாரத்தில் ஒரு நாளாவது பெரியவர் இல்லாத ஆட்டம் பிள்ளைக்கு வேண்டும். அதில் அழுது வந்தால் உடனே நீங்கள் தெருவுக்குப் போகாதீர்கள்.

இது சண்டையா, கொடுமையா?

மேலே சொன்னதெல்லாம் சம பலமுள்ள இருவருக்கு. ஒரு பக்கம் ஆள் பலமோ, வயதோ, சாதித் திமிரோ இருந்து, மறுபக்கம் ஒரு பிள்ளை தனியாக, திரும்பத் திரும்பத் துன்பப்பட்டால் அங்கே சமரசத்துக்கு இடமில்லை. "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது பெரிய அநியாயம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அவன் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றிருக்கிறான். பள்ளி விசாரித்ததும் உண்மையைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் இந்தத் தாக்குதல். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

"அது தெக்கத்திக் கதை, நம்ம பக்கம் இல்ல" என்று நினைக்க வேண்டாம். எஸ்டேட்டுக்கும் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் இது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் "அவங்க என்ன ஆளுங்க?" என்று நாம் கேட்கிறோம் பாருங்கள், அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். பிள்ளையின் கையில் புதிதாக ஒரு நிறக் கயிறு வந்தால் எங்கிருந்து வந்தது, யார் கட்டியது என்று கேளுங்கள்.

உங்கள் பிள்ளை துன்பப்படுகிறதா என்று எப்படித் தெரியும்? ஸ்கூல் போக வயிற்று வலி, தொலைந்துபோகும் பேனா, டிஃபன், திடீரென்று மாறுகிற டியூஷன் வழி, காரணமில்லாமல் தம்பி மேல் எரிச்சல். நேராக "உன்னை யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "உங்க கிளாஸ்ல யாரைப் பாத்தா பசங்க பயப்படுவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தேதி, இடம், நடந்தது என்று எழுதிவைத்து வகுப்பாசிரியரிடம் போங்கள், அடுத்துத் தலைமையாசிரியரிடம். அந்தப் பையனின் வீட்டு வாசலில் போய்க் கத்தாதீர்கள். அதன் பலனை மறுநாள் உங்கள் பிள்ளைதான் அனுபவிக்கும். உங்கள் பிள்ளையே கொடுமை செய்கிறவனாக இருந்தால் மறைக்காதீர்கள், "பசங்கன்னா அப்படித்தான்" என்றும் சொல்லாதீர்கள்.

ஃபோனில் நடக்கும் சண்டைக்கு மூன்றே விதி. கோபத்தில் டைப் செய்ததை அன்றிரவு அனுப்பக் கூடாது. குரூப்பில் வந்த சண்டையைக் குரூப்பில் தீர்க்கக் கூடாது, மறுநாள் நேரில் பேச வேண்டும். யாரையும் அசிங்கப்படுத்தும் ஸ்கிரீன்ஷாட்டையோ படத்தையோ ஃபார்வர்டு செய்யக் கூடாது, சிரிப்பதற்காகக்கூட. இன்ஸ்டாகிராமே 13 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. பொய் வயது போட்டு நாமே அக்கவுண்ட் திறந்து கொடுப்பதை என்னவென்று சொல்வது?

அவர்கள் பார்க்கும் முதல் சண்டை

புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடில்லை. பிள்ளைகள் நாம் சண்டை போடுவதைப் பார்க்கிறார்கள், ஆனால் சமாதானம் ஆவதைப் பார்ப்பதில்லை. அது கதவுக்குப் பின்னால் நடந்துவிடுகிறது, அல்லது பேசாமலே நாலு நாள் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது. அதனால் சண்டை என்றால் ஒருவர் கத்துவது, மற்றவர் பேசாமல் போவது என்றே அவர்களுக்குப் பதிகிறது. அவர்கள் காதுபடச் சமாதானம் ஆகுங்கள். "காலைல நான் கத்தினது தப்பு. வேலைக்கு லேட்டாச்சுன்னு டென்ஷன்ல இருந்தேன். இனிமே முந்தின நாளே சொல்லிடறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வதை ஒரு பையன் கேட்டால் அவனுக்கு அது வாழ்நாளுக்கும் உதவும். நல்ல மன்னிப்பில் இந்த மூன்றும் இருக்கும்: என்ன தப்பு செய்தேன், ஏன் நடந்தது, இனி என்ன செய்வேன். "உனக்குக் கஷ்டமா இருந்தா சாரி" என்பது மன்னிப்பே இல்லை. பிள்ளையிடமும் தேவைப்பட்டால் இப்படிக் கேளுங்கள். அப்பாக்கள் இதில் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் மதிப்பு கூடுமே தவிர, குறையாது.

சில விஷயம் வீட்டுக்குள் தீராது. அதற்கு வெளியே உதவி இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி உண்டு, சொல்லத் தயங்குவதை அதில் எழுதிப் போடலாம். படிப்பு, பள்ளி தொடர்பான எதற்கும் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. மனம் தாங்காமல் இருந்தால் 14416, தமிழிலேயே பேசலாம். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், 1098. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, பிள்ளையே நேராகப் பேசலாம். இந்த எண்களை இன்றைக்கே பிள்ளையின் ரஃப் நோட்டு கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையெழுத்திலேயே எழுதவையுங்கள்.